யன்னலின் உட்பக்கம்

லண்டனில் வீடு வாங்கிய எம்மவர் வாயில் இப்போது அடிக்கடி அடிபடுகிற சொல் 'கொன்சவேசன் ஏரியா'. பழைய தொடர்வீடுகள் நிற்கிற தெருக்களைக் கவுன்சில் பழமை காக்கும் பகுதி என்று அறிவித்துவிடும். அதற்குப் பிறகு முன்பக்கத்து யன்னலில் கை வைப்பதென்றால் ஆயிரம் கேள்வி. மரச்சட்டத்தைக் கழற்றி வெள்ளைப் பிளாஸ்ரிக் யன்னல் போட்டவருக்குக் கடிதம் வரும். சிலவேளை கழற்றிப் பழையபடி பூட்டு என்ற கட்டளையும் வரும். கலியாண வீடுகளில், கோயில் மண்டபங்களில், நாங்கள் பரிமாறுகிற பழைய மாணவர் சங்க விருந்துகளில் எல்லாம் இந்தக் கதைதான். "வெள்ளைக்காரனுக்கு விசர்" என்று ஒருவர் தொடங்குவார். "என்ர காசு, என்ர வீடு, என்ர யன்னல். அவனுக்கென்ன?" என்று மற்றவர் முடிப்பார்.

நாங்கள் யன்னலுக்குச் சொந்தக்காரர் இல்லை. யன்னலுக்குப் பின்னால் படுப்பவர்கள். எங்களையும் ஒருக்கால் பேச விடுங்கள்.

நாங்கள் என்றால் யார்? ரெஸ்ரோறன்ற் குசினிகளில் கோப்பை கழுவி, வெங்காயம் வெட்டி, தந்தூரி அடுப்புக்கு முன்னால் நின்று, இரவு பன்னிரண்டுக்குப் பிறகு நைற் பஸ் பிடித்து வருகிறவர்கள். ஒரு வீட்டில் ஆறு பேர், ஏழு பேர். எங்களிற் சிலர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றவர்கள். பட்டம் வரவில்லை, வாசிக்கிற பழக்கம் மட்டும் கூட வந்துவிட்டது. மத்தியான வியாபாரம் முடிந்து இரவு வியாபாரம் தொடங்குமட்டும் கிடைக்கிற இரண்டு மூன்று மணித்தியாலத்தில் நூலகத்துக்குப் போவோம். அறிவுத் தாகம் என்று பெரிதாக எண்ண வேண்டாம். அங்கே ஹீற்றர் போட்டிருக்கும். போன இடத்தில் இந்தச் சட்டங்களை எடுத்து வாசித்தோம்.

நாங்கள் இருந்த வீடுகளில் இரண்டு கொன்சவேசன் ஏரியாவுக்குள் இருந்தன. இரண்டும் எம்மவருடையவை. முதல் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூட்டிவந்து முன் யன்னல்கள் முழுவதையும் கழற்றிப் பிளாஸ்ரிக் போட்டார். அனுமதி எடுக்கவில்லை. அயலவர் அறிவித்தார், கடிதம் வந்தது, ஒன்றரை வருடம் இழுபட்டுக் கடைசியில் திரும்பவும் மரத்தில் செய்து பூட்டினார். அந்தச் செலவு எங்கள் வாடகையில் ஏறியது.

இரண்டாவது வீட்டுக்காரர் கெட்டிக்காரர். அவர் ஒன்றுமே செய்வதில்லை. மரம் உக்கி, கயிறு அறுந்து, காற்றடித்தால் கண்ணாடி பல்லுக் கிட்டுகிறது. குசினியிலிருந்து கொண்டுவந்த கிளிங் ஃபிலிமைக் கண்ணாடிக்கு மேல் ஒட்டி, இடைவெளிக்குள் பழைய பத்திரிகையை மடித்துச் செருகி, மார்கழியில் கம்பளித் தொப்பியோடு படுக்கிறோம். கேட்டால், "தம்பியவை, இது கொன்சவேசன் ஏரியா. கை வைச்சனெண்டால் கவுன்சில் என்னைப் பிடிச்சுத் தின்னும்" என்பார். அந்தச் சொல்லை அவர் உச்சரிக்கிற பக்தியைப் பார்த்தால் தேவாரத்துக்கு வாய் திறக்கிறார் என்று நினைப்பீர்கள்.

இது பொய். வாசித்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

பிரிக்கப்படாத முழு வீடென்றால் கொன்சவேசன் ஏரியாவுக்குள்ளேயும் யன்னல் மாற்றப் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. புதியது பழையதைப் போன்ற தோற்றத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தெருவுக்கென்று கவுன்சில் 'ஆட்டிக்கிள் 4' என்ற கட்டளை போட்டிருந்தால் அந்த உரிமை போய்விடும். ஃபிளற்றாகப் பிரித்த வீட்டுக்கு அது முதலிலேயே இல்லை. ஆனால் எந்த வகை வீடென்றாலும், உக்கின துண்டை வெட்டிவிட்டு அதே அளவில் மரம் ஒட்டுவதையோ, அறுந்த கயிற்றை மாற்றுவதையோ, புட்டி வைப்பதையோ, காற்றுப் புகும் இடத்துக்குத் தூரிகைப் பட்டி வைப்பதையோ, உட்பக்கமாக இரண்டாவது கண்ணாடி ஒன்று பூட்டுவதையோ ஒருவரும் தடுக்கவில்லை. தனித்தனியாகப் பட்டியலிடப்பட்ட 'லிஸ்ரெட்' கட்டிடங்கள் வேறு கதை. நாங்கள் இருக்கிற வீடுகள் அப்படிப்பட்டவை அல்ல.

முதல் வீட்டுக்காரரைப் போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாலு வருடம் ஒளித்து வைத்தால் தப்பிவிடலாம் என்று எம்மவரிடையே ஒரு சாத்திரம் உண்டு. 2024 ஏப்ரல் 25இலிருந்து முடிக்கப்படுகிற வேலைகளுக்கு இங்கிலாந்தில் அது பத்து வருடம் ஆகிவிட்டது. சாத்திரியை மாற்றுங்கள்.

இனி 'வெள்ளைக்காரனுக்கு விசர்' என்ற வாதத்துக்கு வருவோம்.

லண்டனில் யன்னலுக்குச் சட்டம் போடுவது நேற்றுத் தொடங்கிய வேலை அல்ல. 1666இல் நகரம் எரிந்தது. மரத்தில் ஏறின நெருப்பு வீட்டுக்கு வீடு தாவியதைக் கண்டவர்கள் அதன் பிறகு கட்டிடச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். 1709இல் வந்தது, யன்னலின் மரச்சட்டம் சுவரின் முகத்திலிருந்து நாலு அங்குலம் உள்ளே தள்ளி நிற்கவேண்டும் என்றது. 1774இல் வந்தது, மேலும் கீழுமாகத் தள்ளித் திறக்கிற சாஷ் யன்னலின் மரப்பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. பழைய லண்டன் வீடுகளின் யன்னல்கள் குழிவிழுந்த கண்ணைப் போல உள்ளே இருப்பதைக் கண்டு இன்று உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கிறார்கள். உள்ளே படுத்திருக்கிறவன் பக்கத்து வீட்டு நெருப்பில் சாகக்கூடாது என்று வைத்த நாலு அங்குலம் அது.

இடையில் இன்னொரு கூத்தும் நடந்தது. 1696 தொடக்கம் 1851 வரை இந்த நாட்டில் யன்னலுக்கு வரி இருந்தது. பல குடும்பங்கள் வாடகைக்கு இருந்த கட்டிடத்தையும் ஒரே வீடாகக் கணக்கெடுத்ததால் அந்த வரி வீட்டுக்காரன் தலையில் விழுந்தது. வீட்டுக்காரன் என்ன செய்தான்? யன்னலைச் செங்கல் வைத்து அடைத்தான். அவனுக்கு வரி மிச்சம், உள்ளே இருந்த ஏழைக்கு வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. வைத்தியர்கள் கத்தினார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான் வரியை எடுத்தார்கள். சட்டத்தைச் சாட்டி யன்னலை அடைத்த அந்த வீட்டுக்காரனுக்கும், சட்டத்தைச் சாட்டி யன்னலைத் திருத்தாத எங்கள் வீட்டுக்காரருக்கும் நிறத்தைத் தவிர என்ன வித்தியாசம்?

ரூற்றிங்கில் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள், அர்ச்சனை முடிந்து கடையில் முருங்கைக்காய் வாங்கின பிறகு, கொஞ்சத் தூரம் உள்ளே நடந்து ரொட்டர்டவுன் ஃபீல்ட்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள். லண்டன் கவுண்டி கவுன்சில் 1901க்கும் 1911க்கும் இடையில் தொழிலாளருக்கென்று கட்டின தொகுதி அது. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட சிறு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுத் தோட்டம். நகரத்து இருட்டுச் சந்துகளிலிருந்து மனிதரை வெளியே கொண்டுவந்து வெளிச்சமும் காற்றும் கொடுக்கவேண்டும் என்பதுதான் எண்ணம். அவர்கள் வேலைக்குப் போய்வரவென்று 1903இல் வெஸ்ற்மின்ஸ்ரர் பாலத்திலிருந்து மின்சார ட்ராம் ஓடியது. ஆகக் கீழ்நிலையில் இருந்தவர்களுக்கு அந்த வாடகையும் கட்டுப்படியாகவில்லை, அதையும் சொல்லவேண்டும். என்றாலும் அந்த யன்னல்களை வரைந்தவன் உள்ளே இருக்கப்போகிற ஒரு தொழிலாளியின் முகத்தை மனதில் வைத்து வரைந்தான்.

1978இல் அது கொன்சவேசன் ஏரியா ஆகியது. 1980இன் வீட்டுச் சட்டம் கவுன்சில் வீடுகளைக் குடியிருப்பவர்களே வாங்க வழி திறந்தது. வாங்கினவர்கள் நாடெங்கும் முதலில் மாற்றினது முன் கதவையும் யன்னலையும்தான். 'இது இனி என்னுடையது' என்று தெருவுக்கு அறிவிக்க வேறு வழி இல்லை. எம்மவர் செய்வதும் அதுவே. ஆகவே பிளாஸ்ரிக் ஆசை எங்கள் இனத்துக்கு மட்டும் வந்த வியாதி என்று எவரும் குறுகிப்போகத் தேவையில்லை.

சரி, உயிரைக் காக்கவும் வெளிச்சம் கொடுக்கவும் வந்த யன்னல் விதிகள் எப்போது தோற்றத்தைக் காக்கிற விதிகளாக மாறின?

1967இல் சிவிக் அமெனிற்றீஸ் சட்டம் வந்தது. கொன்சவேசன் ஏரியா என்ற கருத்தே அதிலிருந்துதான் சட்டமாகியது. முதலாவதாக அறிவிக்கப்பட்டது லிங்கன்ஷயரில் உள்ள ஸ்ராம்ஃபோர்ட் நகரம். இன்று இங்கிலாந்தில் இப்படி ஏறக்குறையப் பத்தாயிரம் பகுதிகள். அந்தச் சட்டத்தைத் தனிநபர் பிரேரணையாகப் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தவர் டங்கன் சான்ட்ஸ், சேர்ச்சிலின் முன்னாள் மருமகன். 1963இல் கென்யா சுதந்திரம் பெற்றபோது குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக இருந்தவரும் இவரே. பழைய தெருக்களின் மீது அவருக்கு இருந்த அன்பு உண்மையானது. அதை நாங்கள் சந்தேகிக்கவில்லை.

ஆனால் அதே 1967இன் கடைசியில், கென்யாவிலிருந்த ஆசியர்கள் பிரித்தானியக் கடவுச்சீட்டோடு இந்த நாட்டுக்கு வரத் தொடங்கியபோது, அவர்களைத் தடுக்கவேண்டும் என்று முன்னணியில் நின்று பிரசாரம் செய்தவர்களில் சான்ட்ஸும் ஒருவர், ஈனொக் பவலோடு கூட. 1968 மார்ச்சில் சில நாட்களுக்குள் அவசர அவசரமாகச் சட்டம் நிறைவேறியது. நிறைவேற்றினது தொழிற்கட்சி அரசு என்பதையும் மறக்கவேண்டாம். யன்னலைக் காத்த கையும் கதவைச் சாத்தின கையும் ஒரே ஆளுடையவை. ஒரு தெருவின் 'தன்மை' என்றால் என்ன, அதை எது கெடுக்கும் என்ற கேள்விக்கு அந்த மனதில் இருந்த பதில் என்னவென்று ஊகிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை.

இப்போது நடைமுறையில் உள்ள 1990ஆம் ஆண்டுச் சட்டமும் 'தன்மை அல்லது தோற்றம்' என்றே பேசுகிறது. தோற்றம் என்றால் யாருக்குத் தோன்றுவது? தெருவில் போகிறவனுக்கு. அதிகாரி வந்து நடைபாதையில் நின்று பார்க்கிறார். சட்டத்தின் தடிப்பை, கண்ணாடியைப் பிரிக்கிற மெல்லிய மரக்கோட்டை, பழைய கண்ணாடியின் நெளிவை எல்லாம் பார்த்து எழுதுகிறார். படியேறி உள்ளே வந்து, அந்தக் கண்ணாடியில் விடியக்காலையில் வடிகிற தண்ணீரைப் பார்ப்பது அவருடைய வேலைக்குள் வராது. அதற்கு வேறொரு இலாகா. அந்த இலாகாவுக்கு நாங்கள் முறைப்பாடு செய்தால் வீட்டுக்காரர் எங்களை எழுப்பிவிடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

2009ஐ நாங்கள் மறக்கமுடியாது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை எம்மவர் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றார்கள். அதே 2009இல் இங்கிலிஷ் ஹெறிற்றேஜ் அமைப்பு கொன்சவேசன் ஏரியாக்களின் ஆபத்து நிலை பற்றிய கணக்கை வெளியிட்டது. ஏழில் ஒன்று ஆபத்தில் என்றது. பொருத்தமில்லாத பிளாஸ்ரிக் யன்னல் கதவுகள் முதலாவது காரணம், 83 வீதமான பகுதிகளில் அந்தப் பாதிப்பு என்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'பார், இவனுக்கு மனிதனை விட யன்னல் பெரிது' என்று எழுதிக் கைதட்டு வாங்கலாம். நாங்கள் அப்படி எழுதவில்லை. யன்னலை எண்ணச் சொன்னார்கள், எண்ணினார்கள். எங்களைத் தைத்தது, அந்த யன்னல்களின் பின்னால் எத்தனை அறை குளிர்கிறது என்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு நிரல் இல்லாததுதான்.

குளிர் என்று சும்மா சொல்லிவிட்டுப் போகமுடியாது. ஒற்றைக் கண்ணாடி குளிர்ந்திருக்கும். ஆறு பேரின் மூச்சும், அறைக்குள் காயப்போட்ட உடுப்பின் ஈரமும் அதில் பட்டுத் தண்ணீராகும். அது வடிந்து மரத்தை உக்கவைக்கும், மூலைச் சுவரில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். "நீங்கள் கறி காய்ச்சிற ஆவிதான்" என்பார் வீட்டுக்காரர். அவரும் ஊர்க்கறி தின்று வளர்ந்தவர்தான்! 2020 டிசெம்பரில் வட இங்கிலாந்தின் றொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை வீட்டுப் பூஞ்சணத்தால் இறந்தான். பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். அவர்கள் முறையிட்டபோதும் வாழ்க்கைமுறையைத்தான் குறை சொன்னார்கள். அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்து, 2025 ஒக்ரோபரிலிருந்து சமூக வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்தது. தனியார் வாடகை வீடுகளுக்கும் அதை நீட்ட 2025இன் வாடகையாளர் உரிமைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. எம்மவரான வீட்டுக்காரர்கள் இதையும் ஒருக்கால் வாசிப்பது நல்லது.

பிளாஸ்ரிக் போட்டால் எல்லாம் சரியா? அதுவும் இல்லை. இந்தப் பழைய வீடுகளின் சுவர் ஒற்றைச் செங்கற் சுவர், உள்ளே வெற்றிடம் கிடையாது. காற்றுப் போக வழி வைக்காமல் யன்னலை மட்டும் இறுக்கி அடைத்தால் ஈரம் கண்ணாடியை விட்டுச் சுவருக்குப் போகும். முதல் வீட்டில் நாங்கள் கண்டது இதைத்தான். யன்னல் பளபளவென்று இருந்தது, கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்தது. பிளாஸ்ரிக் பழுதானால் திருத்தவும் முடியாது, முழுவதையும் பிடுங்கி எறியவேண்டும். சாஷ் யன்னல் அப்படியல்ல. இரண்டு சட்டங்கள், ஒரு கயிறு, ஒரு கப்பி, பெட்டிக்குள் மறைந்து தொங்குகிற இரும்புப் படிக்கல். நூறு வருடத்துக்கு முந்தின மரம். எந்தத் துண்டு பழுதோ அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். மேற்சட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, கீழ்ச்சட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் சூடான ஈரக்காற்று மேலால் போகும், புதுக்காற்று கீழால் வரும். எங்கள் ஊர் வீடுகளில் யன்னலுக்கு மேல் காற்றுக்கு வழி வைத்த மேசன்மாருக்குத் தெரிந்த அதே வித்தை. வாடகை வீடுகளிலோ மேற்சட்டத்தைப் பெயின்றோடு பெயின்றாக ஒட்டிவிட்டிருப்பார்கள். அதைக் கத்தியால் கீறித் திறந்து, உட்பக்கம் இரண்டாவது கண்ணாடி பூட்டி, இரவில் தடித்த திரையை இழுத்துவிட்டால் யன்னலால் போகிற சூட்டில் பாதிக்கு மேல் மிச்சப்படும். தெருவில் நிற்கிற அதிகாரிக்கு ஒரு மாற்றமும் தெரியாது. அவருடைய தோற்றம் அவருக்கு, எங்களுடைய நித்திரை எங்களுக்கு.

எங்களுக்குப் பழைய யன்னலின் பெறுமதி தெரியாது என்று எவரும் சொல்லவேண்டாம். 1990இல் விட்டோடின வலிகாமம் வடக்கு வீடுகளுக்கு, காணி விடுபட்ட பிறகு போய்ப் பார்த்தவர்களின் பிள்ளைகள் எங்களிலும் இருக்கிறார்கள். கூரை இல்லை, கதவு இல்லை. யன்னலை நிலையோடு பிடுங்கின இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. பலருக்கு அந்த ஓட்டையைத் தாங்கச் சுவரும் மிஞ்சவில்லை. அது போர் செய்தது. ஆனால் குண்டுக்குத் தப்பின நாற்சார் வீடுகளை இடித்து, முதிரையிலும் வேம்பிலும் செய்த யன்னல்களைப் பழம்பொருள் வியாபாரிக்கு வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, அலுமினியச் சட்டத்தில் கறுப்புக் கண்ணாடி போடுவது போர் அல்ல. ஹறோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் இருந்து போகிற பவுண்.

அதே ஆட்கள்தான் பழைய மாணவர் சங்க மேடையில் ஏறி, நூறு வருடப் பாடசாலை மண்டபத்தின் யன்னல்களைப் பழமை கெடாமல் திருத்தக் காசு கேட்கிறார்கள். கேட்கட்டும், நல்ல காரியம். நாங்களும் போன முறை மேசைக் காசிலிருந்து போட்டோம். அந்த மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேர் லண்டனில் அறை அறையாக வீடு வாடகைக்கு விடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த அறைகளில் இருப்பது நாங்கள்தான். எந்த அறையில் கயிறு அறுந்திருக்கிறது, எதில் மேற்சட்டம் ஒட்டியிருக்கிறது, எதில் சுவர் கறுத்திருக்கிறது, எதில் கிளிங் ஃபிலிம் ஒட்டியிருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதிவருகிறோம். பெயரும் இல்லை, வீட்டு இலக்கமும் இல்லை, யன்னலின் நிலை மட்டும். பக்கத்தில் அதைத் திருத்த எவ்வளவு முடியும் என்று தச்சு வேலை தெரிந்த ஒரு நண்பர் போட்டுத் தந்த கணக்கு. அடுத்த விருந்தில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிரதி வைப்போம், அப்பளத்துக்குப் பக்கத்தில். நாங்கள்தானே பரிமாறுகிறோம்.